ரெண்டாவது பட்டன்

அதைத் தொடாதீங்க சார்! வால்யூமைத்தான் சொல்றேன். நேத்து எங்க நின்னுச்சோ அங்கயேதான் நிக்குது, முக்காலுக்கும் மேல. இப்ப கரண்ட் குடுத்தீங்கன்னா முழுச் சத்தத்தோட பிச்சுக்கிட்டுக் கிளம்பும், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவீங்க. மொதல்ல அதைக் குறைச்சுட்டு அப்புறம்தான் சுவிட்சு. இதை எந்தக் கடைக்காரனும் சொல்லித் தர மாட்டான், வாங்கறவனும் கேக்க மாட்டான்.

காலைப் பாத்து வைங்க, கண்ணாடி கிடக்கு. அது அலமாரிக் கதவு. இவன் மண்டை போய் மோதினதுல போச்சு. தானா மோதல, நான்தான் மோத வச்சேன். நான் எப்ப இல்லேன்னேன்? நேத்தே ஸ்டேஷன்ல சொல்லிட்டேன், இங்கயும் சொல்றேன், எழுதிக்கோங்க. ஆம்ப் மெக்கானிக், ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பாக்கறவன், வயசு நாப்பத்தாறு. இந்த வீட்டுக்காரன் தன் பொண்டாட்டியைப் போட்டு அடிச்சுக்கிட்டிருந்தப்ப உள்ள வந்து, அவன் கை, தோள்பட்டை, தாடை மூணையும் உடைச்சது நான்தான். என் கையில விலங்கு கிடக்கறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சா சார்? அவனைக் கேக்கல. அவனுக்கு ஒண்ணும் ஆகாது, கட்டுப் போட்டுக் கிடப்பான். அந்தத் தங்கச்சி கண்ணு முழிச்சாங்களான்னு கேட்டேன். இன்னும் இல்லையா? சரி. வந்தா எனக்கும் சொல்லுங்க, நான் பேசிக்கிட்டிருந்தாலும் நடுவுல சொல்லுங்க.

என்ன கேட்டீங்க? ஒரே பக்கம் பாத்து எதுக்கு நாலு ஸ்பீக்கரா? இங்க வர்ற எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. இவன் ஒரு தினுசான ரசிகன் சார். கடையில நான் இவனுக்கு வச்ச பேரே ரசிகர்தான். மொதல்ல இந்த நெட்டை ஜோடியை வாங்கினான், இடுப்பு உசரம், ஒவ்வொண்ணும் இருபத்தஞ்சு கிலோ. நல்ல சாமான், பொய் சொல்லக் கூடாது. அடிச் சத்தம் தரையோட வந்து காலைப் பிடிக்கும். ஆனா பாடறவன் மட்டும் எங்கயோ கிணத்துக்குள்ள நின்னு பாடற மாதிரி இருக்கும். அதுக்காகக் குட்டை ஜோடி ஒண்ணு வாங்கி, நெட்டைக்குப் பக்கத்துலயே ஸ்டாண்டு போட்டு வச்சான். ஒரு ஜோடி உடம்புக்கு, ஒரு ஜோடி குரலுக்குன்னு சொல்லுவான். அந்த மூலைல துணி போத்திக் கிடக்கறது மூணாவது ஜோடி. அதை மாட்டித் தர மாட்டேன்னுட்டேன். எதுக்கும் ஒரு அளவு இருக்கில்ல?

அது கறை இல்ல சார், மாவு. பட்டன் மேல இருக்கறது. வேணாம், துடைக்காதீங்க! அதை அப்படியே விடுங்க, அதுக்கு வரேன்.

இந்த மேல் தட்டுல இருக்கறதுதான் பழைய ஆம்ப். இதுல ரெண்டு பட்டன். ஏ அமுக்கினா நெட்டை பாடும், பி அமுக்கினா குட்டை பாடும். ரெண்டையும் அமுக்கினா நாலும் பாடும். பட்டன்தான் இருக்கேன்னு ரெண்டையும் அமுக்கிடக் கூடாது, விஷயமே அங்கதான் இருக்கு. ஒவ்வொரு ஜோடியும் ஆம்புக்கு ஒரு மூட்டை. ஒரு மூட்டையைத் தூக்கிக்கிட்டு அது நாள் பூரா ஓடும். ரெண்டு மூட்டையை ஏத்தினா, மெதுவா நடக்கறவரைக்கும் தாங்கும், ஓடச் சொன்னா உக்காந்துடும். முழுச் சத்தத்துல நாலையும் சேர்த்து இழுத்தீங்கன்னா உள்ள சூடு ஏறி, பத்து நிமிஷத்துல டக்குன்னு ஒரு சத்தம் வரும், அதோட ஊமையாயிடும். கெட்டுப் போறதில்ல. கெட்டுப் போகாம இருக்கறதுக்காக அதுவே வாயை மூடிக்குது. கால் மணி நேரம் ஆறினா மறுபடி எடுத்துக்கும்.

இதையெல்லாம் குட்டை ஜோடி மாட்டின அன்னைக்கே விளக்கிச் சொன்னேன். இவனுக்குச் சொன்னேன், இவன் போன்ல இருந்தான். தங்கச்சி சமையல்கட்டு வாசல்ல நின்னு மாவு பிசைஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தாங்க. நான் தங்கச்சின்னுதான் கூப்பிடுவேன், அவங்க என்னை அண்ணேன்னுவாங்க. அவங்கதான் கேட்டாங்க, அண்ணே, ரெண்டையும் அமுக்கினா சரியா எவ்வளவு நேரத்துல நிக்கும்னு. எனக்கு வாயெல்லாம் பல்லு சார். இருபத்திரெண்டு வருஷமா வீடு வீடா ஏறி இறங்கறேன், எந்த வீட்டுலயும் ஒரு பொம்பளை எங்கிட்ட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல. தூசி விழுது, வயரை மறைச்சு விடுங்க, இதுதான் கேப்பாங்க. நான் உக்காந்து விலாவாரியா சொன்னேன். முக்கால் சத்தம் வச்சா பத்து நிமிஷம், கொஞ்சம் வெக்கையான நாளா இருந்தா எட்டுன்னு. பட்டனை எப்படி அமுக்கணும்னுகூடக் காட்டினேன், சத்தமே வராம விரலை வச்சு மெதுவா அழுத்தணும்னு. அவங்க தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் மூணு மாசம். மூணு மாசத்துல நாலு தடவை இவன் போன் பண்ணிட்டான். என்னய்யா வேலை செஞ்சிருக்க, பாதியில நின்னு போகுதுன்னு. நான் வருவேன், ஏ பட்டனை மட்டும் போடுவேன், ஒரு மணி நேரம் முழுச் சத்தத்துல ஓடும், ஒண்ணும் ஆகாது. நான் போய் ரெண்டு மூணு வாரத்துல மறுபடி போன். உள்ள சூடேறினா சத்தத்தை வெட்டி விடற ரிலேயை மாத்தினேன். ஃபேன் வச்சேன். வயரைக் கழட்டி வேற வயர் போட்டேன். உனக்கு வேலை தெரியலைன்னு சொல்லுய்யா, வேற ஆளைப் பாத்துக்கறேன்னான். எனக்கு மூக்கறுந்து போச்சு சார். நான் கோவக்காரன். என் கடைக்கு வந்து இதே வார்த்தையைச் சொன்ன ஒருத்தனை ஸ்குரூடிரைவரோட தெரு முனை வரைக்கும் விரட்டியிருக்கேன். வீட்டுல என் பொண்டாட்டிகிட்டகூட மூணு மாசமா இதே பேச்சு, இந்த வீட்டு ஆம்ப் ஏன் நிக்குது, ஏன் நிக்குதுன்னு.

கவனிக்கலையாவா? என்னத்தைச் சொல்ல. ஒரு தடவை வந்தப்ப அவங்க கையில கட்டுப் போட்டிருந்தாங்க. கதவு இடிச்சிடுச்சு அண்ணேன்னாங்க. இன்னொரு தடவை உதடு வீங்கியிருந்துச்சு. அதுக்கும் என்னவோ சொன்னாங்க, நானும் பாத்துப் போகக் கூடாதாம்மான்னு சொல்லிட்டு ஆம்ப் மூடியைக் கழட்டப் போயிட்டேன். எனக்குக் காது ரொம்பக் கூர்மை சார். தெருவுல நடந்து போறப்பவே எந்த வீட்டு ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்குன்னு சொல்லிடுவேன். அந்தக் காதை வச்சுக்கிட்டு நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம்.

முந்தாநாள் கடைசியா ஒரு முடிவு கட்டிடணும்னு வந்தேன். கீழ்த் தட்டுல இருக்கு பாருங்க, ரெண்டாவது ஆம்ப், என் கடையில நானே கட்டினது. குட்டை ஜோடியைப் பழைய ஆம்ப்ல இருந்து கழட்டி இதுல மாட்டிட்டேன். மூட்டைக்கு ஒரு ஆள். மேல வால்யூமைத் திருப்பினா ரெண்டும் சேர்ந்தே ஏறும். பி பட்டனுக்குப் பின்னாடி இப்ப ஒண்ணுமே கிடையாது, வெறும் ஓட்டை. அதை அமுக்கினாலும் ஒண்ணுதான், அமுக்காட்டியும் ஒண்ணுதான். நாள் பூரா முழுச் சத்தத்துல வச்சாலும் நிக்காது. ரெண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டிட்டு, நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போனேன்.

நேத்து எதுக்கு வந்தேன்னா, கரண்ட் அளக்கற என் மீட்டரை இங்கயே மறந்துட்டேன். அதோ, ஜன்னல் மேல இன்னும் இருக்கு. பதினோரு மணி இருக்கும். தெரு முனையில திரும்பறப்பவே கேக்குது, நாலு ஸ்பீக்கரும் முழுச் சத்தத்துல. ஆகா, என்ன தெளிவு! அடியும் இருக்கு, குரலும் இருக்கு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறல. கீழ கேட் பக்கத்துல வண்டியை நிறுத்திட்டு நின்னுட்டேன். கடிகாரத்தைப் பாத்தேன் சார். பத்து நிமிஷம் ஆச்சு, நிக்கல. பதினஞ்சு ஆச்சு, நிக்கல. இப்ப சொல்லுடா எனக்கு வேலை தெரியாதுன்னு மனசுக்குள்ள அவனைத் திட்டிக்கிட்டு, தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கிட்டு நின்னேன். அந்த கேட் மேல சாய்ஞ்சுக்கிட்டு, இருபது நிமிஷம்.

மேல ஏன் வந்தேன்னா, அதையும் சொல்றேன். நடுவுல ஒரு சத்தம் வந்துச்சு. தொம்னு. பாட்டோட தாளத்துல சேராம, வேற ஒரு இடத்துல. கொஞ்சம் விட்டு மறுபடி தொம். நெட்டை ஸ்பீக்கர்ல ஏதோ ஸ்குரூ தளர்ந்துடுச்சு, பெட்டி தரையில ஆடுதுன்னு நினைச்சேன். என் வேலையில ஒரு குறையான்னு பொறுக்கல. அதை முறுக்கிட்டுப் போயிடலாம்னுதான் படியேறினேன். யாரையும் காப்பாத்த வரல சார், ஸ்குரூ முறுக்க வந்தேன். பெல் அடிச்சேன், யாருக்குக் கேக்கும்? கதவைத் தள்ளினேன், தாப்பாள்கூடப் போடல. அவ்வளவு தைரியம்.

இங்கதான் சார், நீங்க நிக்கிற இடத்துல. அவங்க குப்புறக் கிடந்தாங்க. இவன் அவங்க முதுகுல முழங்காலைக் குடுத்து அழுத்திக்கிட்டு, முடியைக் கொத்தாப் பிடிச்சுத் தலையைத் தூக்கித் தரையில அடிக்கிறான். தூக்கறான், அடிக்கிறான். அவசரமே இல்ல. மூஞ்சியில கோவம்கூட இல்ல, துணி துவைக்கிறவன் மாதிரி இருந்தான். நான் கீழ நின்னு கேட்ட தொம் அதுதான். அவங்க வாய் திறந்திருந்துச்சு. கத்தறாங்க, ஆனா எனக்குப் பாட்டுதான் கேக்குது.

அப்புறம் என்ன, கையில கிடைச்சதைத் தூக்கினேன். இந்த வலது பக்கக் குட்டை. ஒன்பது கிலோ, மூலையெல்லாம் கூரா இருக்கும். வயர் பிடுங்கிக்கிட்டு வந்துச்சு, அந்தப் பக்கத்துக் குரல் நின்னுச்சு, மத்த மூணும் பாடிக்கிட்டே இருந்துச்சு. மொத அடி தோள்பட்டையில. எலும்பு போனது கையில தெரிஞ்சுது, காதுல விழல. அவன் திரும்பினான். ரெண்டாவது தாடையில. எந்திரிச்சு அலமாரிப் பக்கம் ஓடினான், சட்டையைப் பிடிச்சு இழுத்துக் கண்ணாடியோட மோத வச்சேன். கையைக் குறுக்க நீட்டினான், அந்தக் கையில போட்டேன். விழுந்தான். விழுந்தப்புறமும் போட்டேன். எத்தனைன்னு எண்ணல. தொண்டை கிழியக் கத்தறான், பல்லு தெரியுது, நாக்கு தெரியுது, ரத்தம் வழியுது, ஒரு சத்தமும் வரல. மேல வீடு, பக்கத்து வீடு, தெரு, யாருக்கும் கேக்கல. நான் செஞ்சு குடுத்த வேலை அப்படி சார். எனக்கு அது சுகமா இருந்துச்சு. இதை எழுத மாட்டேங்கறீங்க, எழுதுங்க. இன்னும் ரெண்டு போட்டிருந்தா செத்திருப்பான், போடணும்னுதான் கையை ஓங்கினேன்.

எது நிறுத்துச்சா? அந்தத் தங்கச்சியோட விரல் ஆடுச்சு. உசுரு இருக்குன்னு தெரிஞ்சுது. யாராவது வாங்கன்னு கத்தினேன், என் குரல் எனக்கே கேக்கல. அப்பதான் போய்ச் சுவத்துல இருந்து பிளக்கைப் பிடுங்கினேன். அதனாலதான் வால்யூம் அங்கயே நிக்குது. சத்தம் நின்னதும் அவங்க மூச்சு கேட்டுச்சு. கொரகொரன்னு, தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி. இவ்வளவு வருஷத்துல எத்தனையோ சத்தம் கேட்டிருக்கேன், அது மட்டும் ராத்திரி பூரா லாக்கப்ல என்கூடவே இருந்துச்சு.

ஒரு நிமிஷம்கூட ஆகல, மாடி வீட்டு டீச்சரம்மா ஓடி வந்துட்டாங்க. நீங்க அவங்ககிட்ட விசாரிச்சீங்கல்ல? என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க, உங்ககிட்டச் சொன்னாங்களான்னு தெரியல. தங்கச்சியை மடியில போட்டுக்கிட்டு, ஆம்புலன்சுக்குக் காத்திருக்கறப்ப கேட்டாங்க. எப்பவும் பத்து நிமிஷத்துல பாட்டு நின்னுடுமே, நின்னதும் இந்தப் பொண்ணு கத்தறது கேக்குமே, நான் ஓடி வந்து கதவைத் தட்டுவேனே, இவனும் சிரிச்சுக்கிட்டே திறந்து ஒண்ணுமில்லைன்னு சொல்லி அன்னைக்கு அத்தோட விட்டுடுவானே, இன்னைக்கு ஏன் நிக்கலன்னு கேட்டாங்க.

புரியுதா சார்? இவன் அடிக்கறதுக்கு முன்னாடி ஏ பட்டனைப் போட்டுச் சத்தத்தை ஏத்துவான். அவங்க எப்படியாவது அந்தப் பக்கம் போய் பி பட்டனை அமுக்கிடுவாங்க. சத்தம் இன்னும் கூடும், இவன் கையும் வாயும் வேற வேலைல இருக்கும், கவனிக்க மாட்டான். அப்புறம் பத்து நிமிஷம் பொறுத்துக்கணும், பின்னாடி அவன் பாக்காதப்ப பட்டனை எடுத்து விட்டுடணும், அவ்வளவுதான். மூணு மாசமா அந்தப் பொண்ணு பத்துப் பத்து நிமிஷமா உசுரை வச்சுக்கிட்டிருந்திருக்கு. நான்தான் சொல்லிக் குடுத்தேன், நானே போய் அதைப் பிடுங்கிட்டேன். நேத்தும் அமுக்கியிருப்பாங்க சார். அமுக்கிட்டு எண்ணியிருப்பாங்க. பத்து ஆச்சு, பதினஞ்சு ஆச்சுன்னு. கீழ நானும் அதே கடிகாரத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

உங்க போன் அடிக்குது சார். எடுங்க. எடுங்க சார், ஆஸ்பத்திரியா?

முழிச்சுட்டாங்களா? அய்யோ. கொஞ்சம் இருங்க, நான் இந்த நாற்காலியில உக்காந்துக்கறேன். பேசறாங்களா? காது? இடது காது கேக்கல, சரி, ஆனா பேசறாங்க. என்ன சொன்னாங்க? என்னையா? அண்ணன் மேல கேஸ் எழுதாதீங்கன்னா? அண்ணன் வரலேன்னா நான் செத்திருப்பேன்னு சொன்னாங்களா?

நீங்க எதுக்கு சார் சிரிக்கிறீங்க? விலங்கை இப்ப கழட்ட வேணாம். இருக்கட்டும். நேத்துல இருந்து எல்லாரும் இதையே சொல்றீங்க. ஸ்டேஷன்ல ஒருத்தர் எனக்கு டீ வாங்கிக் குடுத்தார், டீச்சரம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. எனக்கு உடம்பு கூசுது. ரெண்டாவது ஆம்ப் வச்சது தெரியாம செஞ்ச தப்புன்னு நீங்க சொல்லிடுவீங்க. நானும் அப்படித்தான் சொல்லித் தப்பிச்சிருப்பேன். ஆனா நேத்து அவன் சும்மா அடிக்கல சார். பட்டனை அமுக்கறது அவங்கதான்னு தெரிஞ்சு, எப்ப அமுக்குவாங்கன்னு காத்திருந்து அடிச்சிருக்கான். மூணு மாசமா தெரியாதது நேத்து மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னு நீங்க கேக்கவே இல்ல. அவங்களுக்கும் தெரியாது, முந்தாநாள் அவங்க துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்தாங்க.

அந்த மாவுக்கு வரேன்னு சொன்னேன்ல? புது ஆம்பை மாட்டி முடிச்சுட்டு, டார்ச் அடிச்சு முன்பக்கத்தைத் துடைக்கப் போனப்ப பாத்தேன். ஏ பட்டன் சுத்தமா இருக்கு, பி பட்டன்ல வெள்ளையா ஒரு விரல். எனக்கு அப்படி ஒரு குஷி, மூணு மாசத்துத் திருடனைப் பிடிச்சுட்ட மாதிரி. இவனைக் கூப்பிட்டுக் குனிய வச்சுக் காட்டினேன். பாத்துக்கோங்க ரசிகரே, என் வேலையில ஒரு குறையும் இல்ல, உங்க வீட்டுலதான் யாரோ இதை அமுக்கி அமுக்கி நிறுத்தறாங்கன்னேன். அவன் ரொம்ப நேரம் அந்த விரலையே பாத்தான். அடுத்த தடவையாவது கையைக் கழுவிட்டு அமுக்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு நான் சிரிச்சேன் சார். அவனும் சிரிச்சான்.